பால் பொங்கும்போது கூப்பிடு

பாலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போது எனக்கு அதுதான் வேலை. "மேகலா, இங்கயே நில்லு. பாலையே பாரு. பொங்கும்போது சத்தமாக் கூப்பிடு. நாங்க கீழ வாசல்லதான் இருப்போம்" என்று சொல்லிவிட்டு அண்ணன் படியிறங்கிப் போனான். மூன்று சொன்னான். நில், பார், கூப்பிடு. எனக்கு ஒரு சமயத்தில் இரண்டுதான் மனதில் நிற்கும் என்று கோயம்புத்தூர் டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். ஆனால் நிற்பதைக் கால்கள் பார்த்துக்கொள்ளும். மிச்சம் இரண்டுதான். பார், கூப்பிடு. பார், கூப்பிடு. அடுப்பு புதிது. பானையும் புதிது. கழுத்தில் மஞ்சள் கொத்து கட்டி, சுற்றிலும் குங்குமம் வைத்திருக்கிறது. பால் வாய் வரைக்கும் இருக்கிறது. இவ்வளவு நிறைய ஊற்றினால் எப்படி என்று எனக்குத் தோன்றியது. அம்மா எப்போதும் பாத்திரத்தில் பாதிதான் ஊற்றுவாள். ஆனால் அண்ணி ஒரு காரியம் செய்யும்போது குறுக்கே பேசக் கூடாது, அதுவும் இன்றைக்குப் பேசக் கூடாது, புது வீட்டுக்கு வந்து முதன்முதலாகப் பால் காய்ச்சுகிற நாள். கீழே ஆட்டோ வந்து நிற்கிறது. அண்ணியின் அம்மா, எங்களுக்கு அத்தை, உடுமலையிலிருந்து வந்திருக்கிறார். அவருக்கு முட்டி மடங்காது, இந்த வீட்டு மாடிப்படி செங்குத்து, அண்ணன் தாங்கித்தான் ஏற்றவேண்டும். ஆட்டோ சத்தம் கேட்டதும் அண்ணி கையைப் பிசைந்தாள். "ஏனுங்க, இப்ப என்னங்க பண்றது? பத்த வெச்ச அடுப்ப நடுவால அணைக்கக் கூடாதுங்களே" என்றாள். "நல்ல நேரம் போகுது, நல்ல நேரம் போகுதுன்னு நீதான குதிச்ச? சிம்ல வை. இவ பார்த்துக்கட்டும்." "இவளா?" "பால்தான அனுசுயா. பாலைப் பார்க்கத் தெரியும் அவளுக்கு." அதைச் சொல்லும்போது அண்ணன் என்னைப் பார்த்தான். சிரிக்கவில்லை, ஆனால் சிரித்த மாதிரி இருந்தது. அண்ணி குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு இரண்டு முறை திரும்பிப் பார்த்தபடியே இறங்கிப் போனாள்.

எனக்குப் பாலைப் பார்க்கத் தெரியும். அண்ணன் சொன்னது உண்மை. பால் அசையாமல் இருக்கிறது. அசையாத எதையும் என்னால் ரொம்ப நேரம் பார்க்க முடியாது. கண் தானாகவே வழுக்கும். இப்போது வழுக்கி ஜன்னலுக்குப் போகப் பார்க்கிறது, ஜன்னலுக்கு வெளியே தென்னை மரங்கள், அதற்கு அந்தப் பக்கம் அண்ணன் வேலை செய்யும் நார் மில்லின் தகரக் கூரை, போகாதே, பால். பால். வீடு முழுக்கப் பெயின்ட் வாசனை. வாடகை வீடுதான், ஆனால் நாங்கள் வருகிறோம் என்று வெள்ளையடித்துக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு அறை. ஒன்றில் அண்ணனும் அண்ணியும் குழந்தையும் படுப்பார்கள். இன்னொன்றில் பீரோ, தையல் மிஷின், அத்தை வந்தால் படுக்கக் கட்டில். சாமான் இறக்கும்போதே நான் கேட்டேன், அண்ணா, நா எங்க படுக்கிறது? அண்ணன் பீரோவில் கட்டிய கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். முடிச்சு ரொம்ப இறுகியிருந்தது போல. அதைப் பார்த்தபடியே, பார்ப்போம் என்றான். பார்ப்போம் என்ற சொல்லை எனக்குத் தெரியும். எங்கள் தேயிலை எஸ்டேட்டில் மழைக்கு எங்கள் லைன் வீடு ஒழுகும்போதெல்லாம் அம்மா போய் ஆபீசில் சொல்வாள், அவர்கள் பார்ப்போம் என்பார்கள், அம்மா திரும்பி வந்து ஒழுகுகிற இடத்தில் குண்டானை வைப்பாள். "பார்ப்போம்னா இல்லேன்னு அர்த்தம்டி" என்பாள். "இல்லேன்னு சொல்ல வாய் வராதவங்க சொல்றது அது." குண்டானில் சொட்டு விழும் சத்தத்தில் எனக்குத் தூக்கம் வராது. ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் காத்திருப்பேன். வேறு எதற்கும் அவ்வளவு நன்றாக நான் காத்திருந்ததில்லை.

பால். அப்படியேதான் இருக்கிறது. நடுவில் ஒரு சின்னத் தூசி மிதக்கிறது, பூவிலிருந்து விழுந்த மகரந்தமாக இருக்கும். அதைப் பிடித்துக்கொள்கிறேன். ஒன்றைப் பார்க்கவேண்டும் என்றால் அதில் ஒரு சின்னதைப் பிடித்துக்கொள், முழுசாகப் பார்க்காதே என்று டாக்டரம்மா சொல்லிக் கொடுத்தார். அண்ணி ஒரு இடம் பார்த்து வைத்திருக்கிறாள். ஆனைமலைப் பக்கம், சிஸ்டர்கள் நடத்தும் இல்லம். என்னைப் போன்றவர்கள் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்களாம். மெழுகுவர்த்தி செய்யச் சொல்லித் தருவார்களாம். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. பழைய வீட்டில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டும்போது அண்ணி அண்ணனிடம் சொன்னாள். "நல்ல எடமுங்க. அவளுக்கும் நல்லது, நம்மளுக்கும் நல்லது." அண்ணன் ஒரு சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினான். பிறகு, "முதல்ல புது வீட்டுக்கு வரட்டும். எப்படி இருக்கான்னு பார்ப்போம்" என்றான். நான் கதவுக்குப் பக்கத்தில் நிற்பதை அண்ணி பார்த்துவிட்டாள். "மத்தவங்க பேசறதக் காது குடுத்துக் கேக்கப்படாதுன்னு எத்தன தடவ சொல்லியிருக்கறேன் மேகலா? உன்கிட்டச் சொல்றது மட்டுந்தான் உனக்கு. மத்ததெல்லாம் உனக்கில்ல." அதற்குப் பிறகு நான் அப்படித்தான் இருக்கிறேன். என் பெயர் சொல்லிச் சொன்னால் அது எனக்கு. பெயர் இல்லாமல் சொன்னால் அது காற்றில் போகிறது. ஆனால் அண்ணன் சொன்ன எப்படி இருக்கான்னு பார்ப்போம் மட்டும் போகவில்லை. இன்றைக்கு நான் எப்படி இருக்கிறேன் என்று பார்க்கிறார்கள். இந்தப் பாலைத்தான் வைத்துப் பார்க்கிறார்கள். பாலை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பீரோ அறையில், கட்டிலுக்குக் கீழே, பாய் போட்டுக்கொள்ளலாம். அத்தை வந்தால்கூடக் கீழே இடம் இருக்கும். அளந்து பார்த்துவிட்டேன், படுத்து.

அண்ணி கெட்டவள் இல்லை. தலை பின்னிவிடுவாள், இறுக்கிப் பின்னாமல் தளர்த்திப் பின்னுவாள். குழந்தைதான் காரணம். குழந்தையைப் பார்த்துக்க மேகலா, கொடியில துணி எடுத்துட்டு வந்துடறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், குழந்தை ஒரு ஸ்பூனை நக்கிக்கொண்டிருந்தது, அதன் மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் ஒரு சின்னப் பள்ளம், வாய்க்கால் மாதிரி, அதில் எச்சில் நின்று மினுங்கியது, அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போது ஐஸ் வண்டி மணி கேட்டது. மணி கேட்டது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். பிறகு நான் தெருவில் நின்றேன். எப்படிப் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. போவது என்று முடிவு செய்துவிட்டுப் போகிறவர்களுக்குத்தான் அது தெரியும். குழந்தை தவழ்ந்து வந்து வாசல்படியில் உருண்டிருந்தது. நெற்றியில் வீங்கி, நீலமாகி, பிறகு மஞ்சளாகி, பிறகு போய்விட்டது. அண்ணி என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் முடிந்துபோயிருக்கும். அன்று முதல் குழந்தையை எங்கே போனாலும் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு போகிறாள். சமைக்கும்போதுகூட. பால் எங்கே. இருக்கிறது. தூசி எங்கே. தூசி ஓரத்துக்குப் போயிருக்கிறது. அப்படியானால் பால் உள்ளுக்குள் நகர்கிறது. கீழே அத்தையின் குரல் கேட்கிறது, "மெதுவா, மெதுவா, சித்த நில்லு சாமி, மூச்சு வாங்குது." அண்ணன் ஏதோ சொல்ல எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கும் இறங்கிப் போய் அது என்ன என்று கேட்க வேண்டும்போல் இருக்கிறது. கால்களே, உங்கள் வேலை நிற்பது.

அம்மா சின்ன வயதில் என்னைப் பாலுக்காகத்தான் அதிகம் அடித்திருக்கிறாள். அண்ணன் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் காப்பிக்கு என்று அரைப்படி வாங்குவோம். அம்மா பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போவாள், பாத்துக்கடி என்பாள். பார்ப்பேன். பிறகு சுவரில் ஓர் எறும்பு போகும். அல்லது மழை நிற்கும். மழை பெய்யும் சத்தத்தைவிட நிற்கும் சத்தம்தான் என்னை இழுக்கும். அப்புறம் ஸ்ஸ் என்று சத்தம், தீய்ந்த வாசனை, அடுப்பெல்லாம் வெள்ளை, அம்மா ஓடி வந்து கரண்டிக் காம்பால் முழங்கையில் ஒன்று. பால் தீய்கிற வாசனை வந்தால் இப்போதும் முழங்கை வலிக்கும். அண்ணன் வெறும் காப்பியைக் குடித்துவிட்டு, "விடும்மா, கறுப்புத்தான் நல்லாருக்கு" என்பான். பள்ளிக்கூடத்திலும் அதேதான், பால் இல்லை, நாலாம் வாய்ப்பாடு. முந்தின நாள் தெரிந்திருக்கும், மறுநாள் காலையில் யாரோ வந்து கழுவிவிட்டுப் போன மாதிரி இருக்கும். நாநாங்கு என்று ஆரம்பித்தால் அதற்கு அப்புறம் வெள்ளைச் சுவர். டீச்சர் கையை நீட்டச் சொல்வார். "உங்கம்மாவாட்டம் நீயும் காலையிலேயே போட்டுட்டு வந்திருக்கியா?" என்று ஒரு நாள் கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், ஏனென்றால் எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து அதை அம்மாவிடம் அப்படியே சொன்னேன். எனக்கு வாய்ப்பாடு நிற்காது, ஆனால் யாராவது சொன்னது நின்றுவிடும். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் ஊதுவதை நிறுத்திவிட்டாள். அந்த வாரமே என்னைக் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள்.

டாக்டரம்மா பொம்மைகளைக் கொடுத்து அடுக்கச் சொன்னார். கதை சொல்லி, அதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு என் முகவாயைப் பிடித்துத் தூக்கி, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் விரலால் தடவினார். அவர் விரல் குளிர்ச்சியாக இருந்தது. எனக்கு அந்த இடத்தில் பள்ளம் இல்லை. மேலுதடும் மெலிசு. அதுவரை அப்படி ஒரு பள்ளம் எல்லோருக்கும் உண்டு என்பதே எனக்குத் தெரியாது. டாக்டரம்மா அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார், "இவ வயித்துல இருக்கும்போது குடிச்சீங்களாம்மா? திட்டறதுக்காகக் கேக்கல." அம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "குளிருங்க" என்றாள். "மழையில நாளெல்லாம் நின்னு கொழுந்து பறிச்சுட்டு வந்தா கை காலு வெறச்சுப் போயிரும். லைன்ல எல்லாப் பொம்பளைகளும் கொஞ்சம் ஊத்திக்கிறதுதாங்க." பிறகு, யாரும் கேட்காமலே, "இவ அப்பா திருப்பூருக்கு வேலைக்குன்னு போனவரு வரல. அப்ப இவ வயித்துல மூணு மாசம். அப்புறம் கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் குடிச்சேன்" என்றாள். டாக்டரம்மா பேனாவை மூடினார். "வயித்துல இருக்கிற குழந்தைக்கு அது ஆகாதுன்னு உங்களுக்கு யாருமே சொல்லலையா?" "குளிருக்குக் குடி, குளிருக்குக் குடின்னுதாங்க சொன்னாங்க. வயித்துப் புள்ளைக்கும் சூடு வேணும்னாங்க." அதற்கப்புறம் டாக்டரம்மா நிறையச் சொன்னார். மூளை வளரும்போதே குடி அதைக் கெடுத்துவிட்டது. கவனம் நிற்காது, கணக்கு வராது, ஒரு இடத்தில் கற்றதை இன்னொரு இடத்தில் பொருத்திப் பார்க்க வராது. அவள் வேண்டுமென்று செய்வதில்லை. அடித்தால் மாறாது. மாத்திரை கொஞ்சம் உதவும், பழக்கம்தான் அதிகம் உதவும். ஒரு காரியத்தை ஒரே மாதிரி, ஒரே வரிசையில், நூறு முறை செய்ய வையுங்கள், ஒரு நாள் அது அவளிடம் தங்கிவிடும். நான் மேஜையில் இருந்த காந்தத்தில் குண்டூசிகளை ஒட்டிக்கொண்டிருந்தேன். எல்லாம் கேட்டது. திரும்பும்போது மலைப்பாதை வளைவுகளில் எனக்கு வாந்தி வந்தது. அம்மா என் தலையைப் பிடித்துக்கொண்டாள். வேப்பெண்ணெய் குடித்தவள் மாதிரி இருந்தது முகம்.

அன்றிலிருந்து அம்மா குடிக்கவில்லை. லைன் பெண்கள், "என்ன பாக்கியம், சாமியாரிணி ஆயிட்டியா?" என்று கேலி செய்தார்கள். இப்ப நிறுத்தி என்ன ஆகப் போவுது என்று ஒருத்தி சொன்னாள், அது என் பெயர் சொல்லிச் சொன்னதல்ல, ஆனாலும் நின்றுவிட்டது. அம்மா எனக்கு முகத்தில் எண்ணெய் தடவ ஆரம்பித்தாள். பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கைப் பிடித்து நீவி நீவி எடுப்பாக்குவார்கள் இல்லையா, தலையை உருட்டி உருட்டிச் சரி செய்வார்கள் இல்லையா, அது மாதிரி. ஒவ்வொரு நாளும் விளக்கேற்றியதும் என்னை மடியில் சாய்த்துக்கொண்டு, கட்டைவிரலில் தேங்காயெண்ணெய் தொட்டு, என் மூக்குக்குக் கீழே அழுத்தி அழுத்தி இழுப்பாள். மேலிருந்து கீழே. மேலிருந்து கீழே. உனக்கு அப்ப யாரும் நீவி விடல, எனக்குச் சுயநினைவு இருந்தாத்தானே என்பாள். இந்தப் பள்ளம் மட்டும் விழுந்துட்டா எல்லாம் சரியாயிரும் என்பாள். எனக்குப் பல்லெல்லாம் வலிக்கும். ஆனால் அசைய மாட்டேன். அம்மா என்னையே அவ்வளவு நேரம் பார்ப்பது அப்போதுதான். அண்ணன் ஒரு நாள் பார்த்துவிட்டு, "அது எலும்பும்மா. பத்து வயசுப் புள்ளைக்கு இனிமே எங்க விழும்?" என்றான். அம்மா நிறுத்தவில்லை. பால் பார்க்கச் சொல்லிக் கொடுத்ததும் அந்த நாட்களில்தான். ஒரு சின்னத் தட்டைப் பாலுக்குள் கவிழ்த்துப் போடுவாள். பால் கொதிக்கப் போகும்போது தட்டு அடியில் டக டக டக என்று ஆடும். "சத்தம் கேட்டதும் பாரு. வெளிம்புக்கு ஏறும். ஏறுனதும் அணை. அணைச்சுட்டு என்னக் கூப்பிடு. வேற எதையும் யோசிக்காத." மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் நூறு முறை, பிறகு கேஸ் வந்ததும் மறுபடி நூறு முறை. என் கையைப் பிடித்துக் குமிழைத் திருப்ப வைத்தாள். பிறகு தட்டை எடுத்துவிட்டு, கண்ணால் மட்டும். ஏறும், அணை, கூப்பிடு. எவ்வளவு நாளாயிற்று என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு நாள் அது தங்கிவிட்டது. எனக்குத் தங்கிய ஒரே வாய்ப்பாடு. அன்று அம்மா அண்ணனைக் கூப்பிட்டு பாத்திரத்தைக் காட்டினாள். "பாருடா. ஒரு சொட்டு. ஒரு சொட்டு சிந்தல." அண்ணன் அன்றைக்குப் பால் காப்பி குடித்தான். அம்மா போன ஆடியில் போய்விட்டாள். போவதற்கு முன்னால் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, இவளப் பாத்துக்க என்றாள். பாலுக்குச் சொல்கிற அதே சொல்.

பால். ஐயோ பால். இல்லை, இருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை. மேலே மெலிசாக ஆடை கட்டியிருக்கிறது. ஆடைக்குக் கீழே யாரோ மூச்சுவிடுகிற மாதிரி ஒரு இடம் உப்பி அடங்குகிறது. தட்டுச் சத்தம் வேண்டும்போல் இருக்கிறது. மஞ்சள் கட்டிய பானைக்குள் தட்டு போடலாமா என்று அண்ணியிடம் கேட்டிருக்கலாம். மஞ்சள் கட்டிய பானையை நான் இதற்கு முன்னால் பார்த்திருக்கிறேன். பொங்கலுக்கு லைனில் எல்லா வீட்டு வாசலிலும் கல் கூட்டி வைப்பார்கள், புகை கண்ணைக் கரிக்கும், பானை பொங்கி வழியும்போது எல்லோரும் பொங்கலோ பொங்கல் என்று கத்துவோம், நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்துவேன், வழிந்து வழிந்து கல்லெல்லாம் வெள்ளை, ஆனால் அன்று அம்மா யாரையும் அடிக்க மாட்டாள், சிரிப்பாள், அது ஏன் என்று நான், அது ஏன். குழந்தை அழுகிறது. மாடிப்படியில். அத்தை கன்னத்தைத் தொட்டிருப்பார், புது முகம் என்று அழுகிறது. "அழாத கண்ணு, அம்மாயிடா, அம்மாயி." நான் என்ன யோசித்துக்கொண்டிருந்தேன். பொங்கல். பொங்கல் வாசலில் வைப்பது, அதில் அரிசி போடுவார்கள், அது வேறு. ஏதோ ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. கதவைத் தட்டுவதற்குக் கையைத் தூக்கிவிட்டுப் போய்விட்டது. அது என்ன என்று பார்க்கப் போனால் பாலை விட்டுவிடுவேன். போகட்டும். வேற எதையும் யோசிக்காத. ஓரமெல்லாம் சின்னச் சின்ன முத்துகள் வருகின்றன. ஒன்றோடொன்று சேர்ந்து வட்டமாக. நடுவில் ஆடை சுருங்குகிறது. ஜன்னலில் ஏதோ பறந்து வந்து உட்காருகிறது, இறக்கைச் சத்தம், புறாவாக இருக்கும், காக்காயாகவும் இருக்கலாம், நான் பார்க்க மாட்டேன், அது என் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. முத்துகள். முத்துகள் ஏறுகின்றன. ஆடை கிழிகிறது. கிழிந்த இடத்திலிருந்து வெள்ளை எழுந்து வருகிறது, மெதுவாக, பிறகு மெதுவாக இல்லை, பானையின் கழுத்துக்கு, மஞ்சளுக்கு நேராக, விளிம்புக்கு, விளிம்பைத் தாண்டிக் குமிழாக நிற்கிறது, நிற்கிறது, இப்போது. என் கை போய்க் குமிழைத் திருப்பியது. பால் அப்படியே பெருமூச்சு விட்ட மாதிரி இறங்கிப் பானைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அடுப்பைப் பார்த்தேன். பானையின் வெளிப்பக்கத்தைப் பார்த்தேன். குங்குமம்கூட நனையவில்லை. "அண்ணா" என்று கத்தினேன். "அண்ணா, அண்ணி, பால் பொங்கிடுச்சு, வாங்க." பொங்கலுக்குக் கத்துகிற மாதிரி கத்தினேன்.

எல்லோரும் வந்தார்கள். அண்ணி முதலில். குழந்தையை இடுப்பில் ஏற்றிப் பிடித்துக்கொண்டு, சிரித்தபடியே உள்ளே வந்தாள், "எந்தப் பக்கம் வழிஞ்சுதுன்னு பாத்தியா மேகலா? கெழக்கயா?" என்றாள். அவள் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. பிறகு அடுப்பைப் பார்த்தாள். பிறகு பானையை. நான், "ஒரு சொட்டுகூடச் சிந்தல அண்ணி" என்றேன். அண்ணியின் சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தது, ஆள் போனபிறகும் நாற்காலி இருக்கிற மாதிரி. "அணைச்சுட்டா" என்றாள். என்னிடம் சொல்லவில்லை. "அம்மா, அணைச்சுட்டாம்மா. பொங்கறதுக்குள்ள அணைச்சுட்டா. மொத நாளும் அதுவுமா." அத்தை படியேறிய மூச்சு அடங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "போச்சாது உடு. தெரியாமப் பண்ணிப்போட்டுது. மறுக்காப் பத்த வெய்யி" என்றார். "நேரம் போச்சும்மா." அண்ணன் கடைசியாக வந்தான். அவன் முதலில் பாலைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். "ஏன்டி அணைச்ச?" என்றான். கோபமாக இல்லை. "ஏறிச்சுண்ணா. ஏறினதும் அணைச்சேன். அணைச்சுட்டுக் கூப்பிட்டேன்" என்றேன். அம்மா பாத்திரத்தைக் காட்டிய அந்த நாள் அவன் முகத்தில் வந்ததைப் பார்த்தேன், வந்து, ஒரு நிமிஷம் இருந்தது. அவன் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான். பத்த வெச்ச அடுப்ப நடுவால அணைக்கக் கூடாதுங்களே. அண்ணி சொன்னது இப்போது கேட்கிறது. அப்போதும் கேட்டது. ஆனால் அது எனக்குச் சொன்னதல்ல.

அண்ணன்தான் மறுபடி பற்ற வைத்தான். சிம் இல்லை, முழுசாக. எல்லோரும் சுற்றி நின்றார்கள். பால் இந்த முறை சீக்கிரம் ஏறியது. முத்து, ஆடை, கிழிசல், வெள்ளை. என் கை தானாகக் குமிழுக்குப் போனது. அண்ணன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "வழியப் போகுதுண்ணா" என்றேன். "வழியட்டும்." "வழியுதுண்ணா." "வழியட்டும் மேகலா." அவன் பிடி இறுக்கமாக இல்லை, நான் இழுத்திருந்தால் கை வந்திருக்கும். பால் விளிம்பைத் தாண்டி, மஞ்சள்மேல், குங்குமத்தின்மேல், அடுப்பின்மேல். ஸ்ஸ் என்ற சத்தம். பிறகு அந்த வாசனை. நான் கண்ணை மூடிக்கொண்டு முழங்கையை ஒடுக்கிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அத்தை கைகூப்பி நின்றார், குழந்தை கைதட்டியது, அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கெழக்கதான் வழிஞ்சிருக்குது" என்றாள். இவ்வளவு பால். அம்மா இருந்தால் அழுதிருப்பாள். கரித்துணியை எடுத்துக்கொண்டு அடுப்பைத் துடைக்கப் போனேன், பால் காய்ந்துவிட்டால் போகாது. "இன்னிக்குத் தொடைக்கப்படாது அம்மிணி" என்று அத்தை சொன்னார். "அப்பிடியே இருக்கோணும்." சரி என்று துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். சர்க்கரை போட்டு ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தார்கள். எனக்கும் கொடுத்தார்கள். அண்ணி அத்தையைக் கூட்டிக்கொண்டு அறைகளைக் காட்டப் போனாள். "இது எங்க ரூமும்மா. இது நீங்க வந்தாப் படுத்துக்கறதுக்கு." கட்டிலைத் தட்டிக் காட்டுகிற சத்தம் கேட்டது. நான் டம்ளரை மேடையில் வைத்துவிட்டு, கட்டைவிரலை மூக்குக்குக் கீழே வைத்து அழுத்தினேன். மேலிருந்து கீழே. மேலிருந்து கீழே. எண்ணெய் இல்லாமல் அழுத்தினால் தோல்தான் எரிகிறது. அண்ணன் ஜன்னலுக்கு வெளியே மில்லின் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் டம்ளரில் பால் அப்படியே இருந்தது.

"மேகலா" என்றான். என் பெயர் சொன்னான், அப்படியானால் இது எனக்கு. "ஞாயித்துக்கிழமை ஆனைமலைக்கு ஒரு தடவ போயிட்டு வரலாமா? ஒரு இடம் இருக்கு. சும்மா ஒரு நடை." ஜன்னல் கம்பியில் ஒட்டியிருந்த பெயின்டை நகத்தால் சுரண்டினான். பயணத்துக்கு நடுவில் எனக்கு வாந்தி வரும் என்று அவனுக்குத் தெரியும், ஆனால் ஆனைமலைக்குப் போகிற வழியில் வளைவுகள் இல்லை. அவனுக்கு இல்லை என்று சொல்ல வாய் வராது, சின்ன வயதிலிருந்தே வராது, கறுப்புக் காப்பியைக்கூட நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வான். எனக்கும் வரவில்லை. அடுப்பில் பால் காய்ந்து பழுப்பாகிக்கொண்டிருந்தது.

"பார்ப்போம்ணா" என்றேன்.